வட ஆற்காட்டிலிருந்து நேட்டாலுக்கு வந்த எங்கள் குடும்பம்

அனைவருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் வசிக்கும் நான்காம் தலைமுறைத் தமிழன் நான். குடும்ப வேர்களைத் தேடும் உங்களோடு இணைவதில் பெருமகிழ்ச்சி அடைகிறேன். 1860 முதல் 1911 வரை இந்தியாவிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களாக, டர்பன் அமைந்துள்ள நேட்டால் பகுதிக்கு வந்த சுமார் 1,52,000 பேரில் என் பூட்டனாரும் ஒருவர். 1900களின் தொடக்கத்தில் சென்னையில் ‘உம்லாசி’ என்னும் கப்பலில் ஏறியவர் அவர்.

அக்காலக் கப்பல் பதிவேட்டில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. அதையடுத்துப் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உடல் அடையாளம் எனக் கட்டங்கள் நீளும். பூட்டனாரின் வரியில் வட ஆற்காடு ஜில்லா, குடியாத்தம் தாலுகா என்றும், இடது முழங்காலில் தழும்பு என்றும் எழுதியிருக்கிறது. அவருடைய புகைப்படம் ஒன்றுகூட இல்லாத எங்களுக்கு, அவர் உருவத்தைப் பற்றிக் கிடைத்த ஒரே சேதி அந்தத் தழும்புதான். ஊர்ப்பெயரில் ‘பாக்கம்’ என்னும் முடிவு மட்டுமே தெளிவாகத் தெரிகிறது.

கரும்புத் தோட்டத்தில் ஐந்தாண்டு ஒப்பந்தம் முடிந்ததும் அவர் ஊர் திரும்பாமல், டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் நிலம் பிடித்துக் காய்கறி பயிரிட்டார். ஒவ்வோர் இனத்தாரும் தனித்தனிப் பகுதியில்தான் வசிக்க வேண்டும் என்ற 1950ஆம் ஆண்டின் இனவாரிக் குடியிருப்புச் சட்டம் பின்னர் எங்கள் தாத்தாவை அங்கிருந்து பெயர்த்தது. ஆனால் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் வழக்கத்தை எங்கள் வீட்டில் எவரும் விடவில்லை. குடியாத்தம் பக்கத்துப் பழைய ஊர்ப்பெயர்களை அறிந்தவர்களும், அதே கப்பலில் வந்தோரின் வழித்தோன்றல்களும் அன்புகூர்ந்து எனக்கு எழுதுங்கள்.