36 அடிக்கு முன்

ஒக்டோபர் 3

கடிதம் வந்துவிட்டது. 15ஆம் திகதி முதல் கிளிநொச்சி இரணைமடுக் குளம் என் பொறுப்பு.

ஒக்டோபர் 4

இதுவரை நான் பார்த்தவை எல்லாம் சிறிய குளங்களும் நடுத்தரக் குளங்களுமே. அவற்றுக்கு வான்கதவுகள் கிடையாது. குளம் நிரம்பினால் மிகுதி நீர், அது வழிவதற்கென்று கட்டிய வானால் தானாகவே பாய்ந்துவிடும். குளக்கட்டில் கசிவு உண்டா, மண்மூட்டைகள் போதுமா என்று பார்த்துக்கொண்டால் அதிகாரியின் வேலை முடிந்துவிடும். வானின் உயரத்தை யாரோ ஒருவர் எப்போதோ தீர்மானித்துக் கட்டிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். மழை கொட்டும் இரவில் அதைப் பற்றி எவரும் யோசிக்க வேண்டியதில்லை. இரணைமடுவில் 14 கதவுகள் இருக்கின்றன. எந்தக் கதவை, எந்த நேரத்தில், எத்தனை அங்குலம் உயர்த்துவது என்று ஒருவர் சொல்லியாக வேண்டும்.

என் கணவர் யாழ்ப்பாணத்திலிருந்து தொலைபேசியில், "பதவி உயர்வுதானே, சந்தோசப்படுமன்" என்றார். சந்தோசப்பட்டேன் என்றுதான் சொன்னேன்.

ஒக்டோபர் 6

ஊரியானுக்குப் போய் அம்மாவிடமும் அப்பாவிடமும் சொன்னேன். அம்மா உடனே கனகாம்பிகை அம்மனுக்குப் பொங்க வேண்டும் என்று நாள் பார்க்கத் தொடங்கிவிட்டார். அப்பா சம்பளத்தையும் கேட்கவில்லை, வாகனம் தருவார்களா என்றும் கேட்கவில்லை. "முதல் கதவை எத்தனை அடியிலை திறப்பாய்?" என்று மட்டும் கேட்டார்.

2018 டிசெம்பர் 21 இரவு வந்த வெள்ளத்தில் எங்கள் வீடும் நின்றது. சாப்பாட்டுக்கென்று அறைக்குள் அடுக்கிவைத்திருந்த நெல், நீர் வடிந்த பிறகு பார்த்தபோது சாக்குக்குள்ளேயே முளைத்து, வெள்ளை வேர்கள் சாக்கின் கண்களுக்குள்ளால் வெளியே வந்திருந்தன. அப்பா அவற்றை ஒவ்வொன்றாக வளவுக்கு இழுத்துக்கொண்டு போனார்; என்னைத் தொட விடவில்லை. அன்று நான் வேறு மாவட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். அதனால் அந்தக் கேள்வியை அவர் இதுவரை என்னிடம் கேட்கவேண்டி வரவில்லை.

மாலையில் உருத்திரபுரத்திலிருந்து மாமா அழைத்தார். வாழ்த்தினார். வைக்கும்போது, "தண்ணியைச் சும்மா கடலுக்கு விட்டிடாதையுங்கோ பிள்ளை, சிறுபோகம் இருக்கு" என்றார். மழைக்காலம் முடிந்தபின் குளத்து நீரை நம்பிச் செய்யும் போகம் அது.

இரண்டு வீடுகளும் ஒரே குளத்தின் கீழேதான் இருக்கின்றன.

ஒக்டோபர் 8

மழைக்கால விதைப்புக்கான காலபோகக் கூட்டம். பொறுப்பேற்பதற்கு முன்பே வந்து பார்க்கும்படி, இப்போது குளத்துக்குப் பொறுப்பாக இருக்கும் சேர் சொன்னதால் போய் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். விதைப்புத் திகதி, வாய்க்கால் துப்புரவு, மாடுகளைக் கட்டவேண்டிய திகதி, உரம் என்று பேச்சு நீண்டது. கால்நடை விடயம் வந்ததும் வழக்கம்போலச் சத்தம் கூடியது. சேர் என்னை அறிமுகப்படுத்தியபோது எல்லோரும் கைதட்டினார்கள். தேநீர் வேளையில் எனக்குப் பின்னால் நின்ற ஒருவர், "பொம்பிளைப் பிள்ளை, மழையிரவிலை கட்டிலை வந்து நிப்பாவோ?" என்று மற்றவரைக் கேட்டது தெளிவாகவே காதில் விழுந்தது. திரும்பிப் பார்த்து, நிற்பேன் ஐயா என்றேன். அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். கோபம் எனக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் வந்தது, அதுவும் அவர்மேல் அல்ல. அதே கேள்வியை நான் என்னிடமே கேட்டுக்கொண்டிருந்தேன் என்பதில்.

ஒக்டோபர் 10

அதிகாலை 3 மணிக்கு விழிப்பு. எழுந்து வெளியே போய்ப் பார்த்தேன். வானம் முழுக்க நட்சத்திரம்.

ஒக்டோபர் 13

சேருடன் குளக்கட்டில் காலை முழுவதும். அவர் ஒவ்வொரு கதவாகக் காட்டிக்கொண்டு வந்தார். ஒரு கதவின் ஓரத்து இறப்பர்ப் பட்டி கொஞ்சம் விலகியிருக்கிறது. நீர் உயர்ந்தால் அந்த இடத்தால் நூல்போலக் கசியும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம் என்றார். உருக்குக் கயிறுகளுக்குக் கிறீஸ் பூசியிருந்தார்கள். விரலால் தொட்டுப் பார்த்து, சில இடங்களில் பழைய கிறீஸின் மேலேயே புதியதைப் பூசியிருக்கிறார்கள், அப்படிப் பூசக்கூடாது என்று ஊழியர்களிடம் சொன்னார். நான் எல்லாவற்றையும் கொப்பியில் எழுதிக்கொண்டேன்.

கடைசியில் தொலைபேசி இலக்கங்கள் எழுதிய ஒரு தாளைத் தந்தார். மாவட்டச் செயலகம், அனர்த்த முகாமைத்துவ நிலையம், பிரதேச செயலாளர்கள், கிராம அலுவலர்கள், கமக்கார அமைப்புகள். அவற்றுக்குக் கீழே, பதவிப் பெயர் எதுவும் இல்லாமல், ஆற்றின் மேற்பக்கத்தில் உள்ள கனகராயன்குளத்தில் ஒரு கடைக்காரரின் இலக்கம். "இவரிட்டை மழைமானி இல்லை, தங்கச்சி. கடைக்குப் பின்னாலை ஒரு வாளி இருக்கு. வாளி நிறைஞ்சு வழியுது எண்டு எடுத்துச் சொன்னாரெண்டால் நித்திரை கொள்ளாதையும்."

ஒக்டோபர் 15

ஒப்பமிட்டேன். நீர்மட்டம் 17 அடி; குளம் நிறைந்தால் 36. காலையிலிருந்து வாழ்த்துச் செய்திகள் வந்தபடி இருக்கின்றன. ஒன்றுக்கும் பதில் எழுத மனம் வரவில்லை.

ஒக்டோபர் 20

ஒரு சதுர மைல் நிலத்தில் ஓர் அங்குல மழை விழுந்தால் அது சுமார் 53 ஏக்கர் அடி நீர். இது மாணவப் பருவத்திலேயே தெரிந்த கணக்கு. இன்று மறுபடியும் செய்து பார்த்தேன். ஆனால் இந்த 53 ஏக்கர் அடியும் குளத்துக்கு வந்து சேராது. இப்போது பெய்யும் மழையில் பெரும்பகுதியைக் காய்ந்த மண் குடித்துவிடுகிறது. மிச்சத்தை மேலே உள்ள சிறிய குளங்கள் பிடித்துவைத்துக்கொள்கின்றன. கார்த்திகை கடந்து மண்ணும் நிறைந்து அந்தக் குளங்களும் வான் பாயத் தொடங்கிய பிறகு, அதே ஓர் அங்குலம் ஏறக்குறைய முழுதாகவே கனகராயன் ஆற்றால் இறங்கி வரும். மேலே ஒரு சிறிய குளம் உடைத்துக்கொண்டால் அது பிடித்துவைத்திருந்ததும் சேர்ந்து வரும். ஆகவே ஒக்டோபர் மழையைக் கொண்டு டிசெம்பர் மழையை அளக்க முடியாது. மழைமானி காட்டும் எண் ஒன்றாகவே இருந்தாலும் கட்டில் நிற்பவருக்கு அது வேறு எண்.

இதை இவ்வளவு ஒழுங்காக எழுத முடிகிறது. ஆனால் மேலே மாங்குளத்தில் நள்ளிரவில் தொடங்கும் மழை இங்கே எத்தனை மணிக்கு வந்து சேரும் என்று ஒருவர் கேட்டால், மண் எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்தது என்றுதான் சொல்லலாம். அந்தப் பதிலுடன் ஊரியானில் ஒருவரை எழுப்பி வீட்டைவிட்டுப் போகச் சொல்ல முடியுமா?

ஒக்டோபர் 29

வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடலாம் போல் இருக்கிறது. காரணம் என்ன எழுதுவது?

நவம்பர் 4

நல்ல மழை. விதைத்தவர்களுக்கு நிம்மதி. 20 அடி.

நவம்பர் 9

புனரமைப்பு முடிந்து, 36 அடி கொள்ளக்கூடியதாகிய குளத்தை 2018 டிசெம்பர் 7 அன்று அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன வந்து திறந்துவைத்தார். சரியாக இரண்டு வாரங்களில் வெள்ளம் வந்தது. ஊரியான், முரசுமோட்டை, கண்டாவளை, பன்னங்கண்டி என்று ஆற்றின் கீழ்ப்பக்கம் முழுவதும் நீருக்குள் நின்றது. கதவுகள் எப்போது திறக்கப்பட்டன என்ற கேள்வி அதன் பிறகு விசாரணை வரைக்கும் போனது. அந்த விசாரணையைப் பற்றி நான் எழுத வரவில்லை. அப்போது கட்டில் நின்றவர்கள் என்ன பார்த்தார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். எனக்குள் சுற்றிச் சுற்றி வருவது வேறொன்று. நேரத்தோடு கதவைத் திறந்து, அதனால் வெள்ளம் வராமல் போயிருந்தால், வராத அந்த வெள்ளத்தை யார் கண்டிருப்பார்கள்? நீரைக் கடலுக்கு விட்டார்கள் என்ற பேச்சுத்தான் மிஞ்சியிருக்கும்.

உதாரணத்துக்கு 34 அடியில் திறக்கிறேன் என்று வைத்துக்கொள்வோம். மழை அன்றோடு நின்றுவிடுகிறது. குளம் மேலே போகப் போக அகன்றுகொண்டே போவதால், அடியில் உள்ள ஓர் அடியைவிட மேலே உள்ள ஓர் அடியில் நிற்கும் நீர் பல மடங்கு அதிகம். நான் விட்டது அந்த மேல் அடியை. பங்குனி, சித்திரையில் சிறுபோகக் கூட்டம் கூடும்போது, சுமார் 21,000 ஏக்கரில் எத்தனை ஏக்கருக்கு நீர் கொடுக்கலாம் என்று நான்தான் எழுந்து சொல்ல வேண்டும். வெட்டுப்படும் ஒவ்வொரு ஏக்கருக்கும் ஒரு பெயர் இருக்கிறது. அதில் மாமாவின் பெயரும் இருக்கும். திறக்காமல் காத்திருந்து மழை தொடர்ந்தால், அப்பாவின் பெயர்.

முன்பெல்லாம் சொந்தக்காரர் யாரும் இல்லாத இடத்தில்தான் வேலை செய்தேன். இப்போதுதான் அது எவ்வளவு சௌகரியம் என்று தெரிகிறது.

நவம்பர் 15

மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கதவுகளைக் கையால் உயர்த்திப் பார்க்கச் சொன்னேன். மின்பிறப்பாக்கி இருக்கிறதே மிஸ் என்றார்கள். அதுவும் இயங்காவிட்டால் என்றேன். இருவர் மாறி மாறிக் கைப்பிடியைச் சுழற்றினார்கள். பற்சில்லுகள் ஒவ்வொன்றாகக் கடந்தன. கதவு அசைந்ததே கண்ணுக்குத் தெரியவில்லை, கீழே நனைந்த சீமெந்தில் தெரிந்த மெல்லிய இடைவெளியை வைத்துத்தான் உயர்ந்திருக்கிறது என்று கண்டோம். மூத்தவர் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "பயப்பிடாதையுங்கோ மிஸ், அண்டைக்கு ஆக்கள் வந்திடுவினம்" என்றார். எடுத்த நேரத்தைக் குறித்துக்கொண்டு 14ஆல் பெருக்கினேன். பிறகு ஆட்களின் பட்டியலைத் திருத்தி எழுதினேன்; குளத்துக்கு அருகே குடியிருப்பவர்களின் பெயர்களை முதலில் போட்டேன். இரவுச் சாப்பாடு இறங்கவில்லை.

நவம்பர் 22

வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் உருவாகலாம் என்று வளிமண்டலவியல் திணைக்களம் அறிவித்திருக்கிறது. 28 அடி.

அப்பா நாள்தோறும் காலையில் அழைத்து நீர்மட்டத்தைக் கேட்கிறார். அதை மறைக்க ஒன்றுமில்லை, காலை அறிக்கையில் எல்லோருக்கும் போவதுதான். இன்று அம்மா தொலைபேசியை வாங்கி, "திறக்கிறதெண்டால் எங்களுக்கு ஒரு சொல்லு முந்திச் சொல்லு பிள்ளை, நெல்லை ஏத்திவைக்க வேணும்" என்றார். முடியாது அம்மா, ஊருக்கு அறிவிக்கும்போதுதான் உங்களுக்கும் என்றேன். பெற்ற தாய்க்குமா என்றார். நெல்லை இன்றைக்கே ஏற்றிவையுங்கள், அதற்கு என் சொல் எதற்கு என்று சற்றுக் கடுமையாகவே சொல்லிவிட்டேன். அவர் வைத்துவிட்டார். நான் சொன்னதில் தவறு இல்லை என்றே இன்னும் நினைக்கிறேன். ஒருவருக்கு ஒரு மணிநேரம் முன்னால் சொன்னால் மற்றவர்களிடமிருந்து அந்த ஒரு மணிநேரத்தை எடுத்ததாகிவிடும். ஆனாலும் நித்திரை வரவில்லை.

நவம்பர் 27

மாலையில் மழை. மாவீரர் நாளுக்குக் கனகபுரம் துயிலுமில்லத்துக்குப் போனவர்கள் நனைந்துகொண்டேதான் நின்றிருப்பார்கள். நான் குளக்கட்டில் நின்றேன். 30 அடி 5 அங்குலம்.

டிசெம்பர் 1

வெயில்! மழைமானியில் ஒன்றுமில்லை. கட்டில் பிள்ளைகுட்டிகளோடு குடும்பங்கள், கச்சான் விற்பவர், கைத்தொலைபேசியில் படம் எடுப்பவர்கள். ஒரு சிறுவன் என்னிடம் வந்து இந்தக் குளத்தில் முதலை உண்டா என்று கேட்டான். உண்டு என்றேன். மிகவும் மகிழ்ச்சியடைந்தான். மாமா கட்டி அனுப்பிய மோர் மிளகாயுடன் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, விடியும்வரை புரண்டு படுக்காமல் தூங்கினேன். இந்த வேலையை என்னால் செய்ய முடியும்.

டிசெம்பர் 4

33 அடி 8 அங்குலம். மீண்டும் தாழமுக்கம். மேலதிகாரியிடம் கேட்டேன், நிலைமையைப் பார்த்துத் தீர்மானியுங்கள் என்றார். நிலைமையைப் பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் என்பது உண்மைதான்.

டிசெம்பர் 5

இன்று பிற்பகல் கமக்கார அமைப்புகளின் பிரதிநிதிகளை அழைத்துப் பேசினேன். இடதுகரை வாய்க்காலால் நீர் பெறுபவர்கள் பொறுக்கச் சொன்னார்கள், ஆற்றோரத்தவர் இப்போதே திறக்கச் சொன்னார்கள். இரண்டு பக்கத்தாரும் சொன்னது நியாயம். நான் அவர்களிடம் மூன்று விடயங்களைச் சொன்னேன்: ஒரேயடியாகத் திறக்காமல் சில கதவுகளை மட்டும் சில அங்குலம் உயர்த்தித் தொடங்குவேன் என்பது, 36ஐத் தொடும்வரை காத்திருக்க மாட்டேன் என்பது, அறிவித்தலுக்கும் திறப்புக்கும் இடையில் ஆற்றோரத்தவர் மாடுகளை மேட்டுக்குக் கொண்டுபோகும் அளவுக்காவது நேரம் விடுவேன் என்பது. எத்தனை அடியில் என்று ஒருவர் கேட்டார். மேலே விழும் மழையைப் பொறுத்தது என்றேன். ஒக்டோபரில் இந்தப் பதிலை எண்ணி எவ்வளவு வெட்கப்பட்டேன்! இன்று அவர்கள் அதை எழுதிக்கொண்டார்கள்.

அன்றைக்குத் தேநீர் வேளையில் கேட்டவரும் வந்திருந்தார். போகும்போது தன் இலக்கத்தைத் தந்து, ஆள் தேவையென்றால் எந்த நேரமும் எடுக்கச் சொன்னார். பட்டியலில் சேர்த்துவிட்டேன்.

டிசெம்பர் 6, இரவு 9.40

34 அடி 11 அங்குலம். மாலை 6 மணிக்குப் பிறகு மணிக்கு ஓர் அங்குலத்துக்கு மேல் ஏறுகிறது. மாங்குளத்தில் மழை நிற்கவில்லை.

இரவு 11.15

கனகராயன்குளத்துக் கடைக்காரர் எடுத்தார். வாளியைக் கவிழ்த்து வைத்தது இது இரண்டாம் தடவையாம்.

மாவட்டச் செயலகத்துக்கும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கும் கண்டாவளைப் பிரதேச செயலாளருக்கும் அறிவித்தாயிற்று. கிராம அலுவலர்கள் ஒலிபெருக்கியோடு புறப்பட்டுவிட்டார்கள். 1.30க்கு நடுவில் உள்ள நான்கு கதவுகள், ஆறு அங்குலம். அப்பாவின் அழைப்பு வந்தது, எடுக்கவில்லை. ஒலிபெருக்கி அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். வாகனம் வந்துவிட்டது.