சிலைக்கு உண்டு, சுவரோவியத்துக்கு இல்லை

மெரினாவின் உழைப்பாளர் சிலையைப் படமெடுத்து அஞ்சலட்டையாக அச்சிட்டு விற்றாலும் சட்டப்படி தவறில்லை. அதை வடித்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி 1975-இல் மறைந்தார். படைத்தவர் மறைந்த பின் 60 ஆண்டுகளுக்குப் பதிப்புரிமை நீடிப்பதால், 2035 முடியும் வரை அந்தச் சிலைக்கு அது உண்டு. ஆனாலும் பொது இடத்தில் நிரந்தரமாக நிற்கும் சிற்பத்தை வரைவதும் படமெடுத்து வெளியிடுவதும் உரிமை மீறலாகாது என்று 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 52-ஆவது பிரிவில் விலக்கு அளிக்கிறது.

இந்த விலக்கு சிற்பத்துக்கும் கைவினைக் கலைப்பொருளுக்கும் மட்டுமே. கட்டடங்களுக்குத் தனி விலக்கு இருக்கிறது, ஓவியத்துக்குத்தான் ஒன்றுமில்லை. ஆகவே சென்னையின் கண்ணகி நகர்க் குடியிருப்பில், துணி காயும் சன்னல்களுக்கு நடுவே மாடி உயரத்துக்கு வரையப்பட்டிருக்கும் முகங்களைப் படமெடுத்து நம் கைப்பேசியில் வைத்துக்கொள்ளலாம், செய்திக்கோ விமரிசனத்துக்கோ பயன்படுத்தலாம். ஆனால் யாரும் வணிகத்துக்கும் எடுத்தாளலாம் என்ற உரிமத்துடன், விக்கிப்பீடியாவுக்கான படங்கள் சேமிக்கப்படும் விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்ற முடியாது. வேடிக்கை என்னவென்றால், பொது இடத்தில் நிரந்தரமாக உள்ள எந்தக் கலைப்படைப்பையும் திரைப்படத்தில் சேர்க்கலாம் என்று அதே பிரிவு சொல்கிறது. காட்சிப்பதிவு எதையும் திரைப்படமாகவே சட்டம் கொள்வதால், அந்தச் சுவரைக் காணொளியாக எடுத்தவருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, அதே இடத்தில் நின்று நிழற்படம் எடுத்தவருக்குக் கிடைப்பதில்லை.

சிற்பத்தைச் சேர்த்து ஓவியத்தை விட்ட இந்தப் பாகுபாடு 1956-ஆம் ஆண்டின் பிரித்தானியச் சட்டத்திலும் உள்ளது. அன்றைக்கு ஓவியம் கூடத்துக்குள் தொங்கும் பொருளாக இருந்திருக்கலாம். குடியிருப்புச் சுவர்களையே கித்தானாக்கிக்கொண்ட இன்றைக்கு அது பொருந்தவில்லை.

ஓவியர்களின் அச்சத்தையும் ஒதுக்கிவிட முடியாது. மும்பைச் சுவரோவியம் ஒன்றைக் காப்பீட்டு நிறுவனம் ஒன்று தன் விளம்பரத்தில் பயன்படுத்தியதற்கு எதிரான வழக்கில், 2023-இல் தில்லி உயர் நீதிமன்றம் அந்த இணையப் பதிவுகளை நீக்கச் சொன்னது சரி என்றே நினைக்கிறேன். விளம்பரத்தைத் தடுத்துவிட்டு, ஓவியர் பெயருடன் படத்தை வெளியிட மற்றவர்களை அனுமதிக்கும் திருத்தம் ஒன்றே போதும்.

அதுவரை அனுமதி கேட்டுத்தான் ஆகவேண்டும். யாரிடம் என்பது அடுத்த சிக்கல்: சுவருக்குச் சொந்தக்காரர் என்பதாலேயே ஒருவருக்கு ஓவியத்தின் உரிமை வந்துவிடாது, ஆனால் ஒருவர் பணம் கொடுத்து வரையச் சொல்லியிருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாத வரை முதல் உரிமையாளர் அவரே. சுவரின் அடியில் உள்ள கையெழுத்தைப் பார்த்து இதை அறிய முடியாது என்பதால், ஓவியருக்கும் வரையச் சொன்ன அமைப்புக்கும் சேர்த்தே நான் கடிதம் எழுதுகிறேன்.