மீன் இல்லாத ஐந்து கிழமைகள்

யூலை 6, சனி

இன்று தொட்டிக்குத் தண்ணீர் விட்டோம். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். விளிம்பில் இரண்டு விரல் விட்டால் ஏறத்தாழ 48 லீற்றர் பிடிக்கிறது. வெயில் படாத மூலையில், பழைய மரமேசையின் காலை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் வைத்தேன்.

"அம்மா, இண்டைக்கே மீன் வாங்குவமா?" என்றான் மகன். ஒன்பது வயது.

"இல்லை ராசா. இந்த முறை பொறுப்பம்."

மறுபேச்சுப் பேசவில்லை. போன வருடம் தண்ணீர் விட்ட அன்றைக்கே பத்து மீன் விட்டோம். உடனே விடலாம் என்று விற்றவர் சொன்னார், நானும் நம்பினேன். ஐந்தாம் நாள் ஒன்றும் மிஞ்சவில்லை. முருங்கைக்குக் கீழே அவன்தான் கிடங்கு கிண்டினான். அந்தப் பத்து மீனும் என் அவசரத்தால் செத்தவை. தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்ததால் நல்ல தண்ணீர் என்று நினைத்துவிட்டேன்.

யூலை 9, செவ்வாய்

முல்லைத்தீவில் இருந்து வரும் மீன்காரரிடம் நந்திக்கடல் இறால் வாங்கினேன். ஒன்றை நுளம்பு வலைத் துண்டில் முடிந்து தொட்டிக்குள் தொங்கவிட்டேன்.

மாமி பார்த்துக்கொண்டு நின்றா. "கறிக்கே காணாது. அதை ஏன் பிள்ளை தண்ணிக்குள்ள அழுக விடுறாய்?"

அழுகத்தான் வேண்டும். இறால் அழுகினால் அமோனியா வரும். அதைத் தின்னும் பற்றீரியா வந்து குடியேறி, அமோனியாவை நைத்திரைற்று ஆக்கும். இன்னொரு வகைப் பற்றீரியா அந்த நைத்திரைற்றை நைத்திரேற்று ஆக்கும். முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு. மூன்றாவது அளவோடு இருந்தால் தாங்கும், தண்ணீர் மாற்றிக் குறைத்துக்கொள்ளலாம். மீனின் கழிவிலும் செவுளிலும் இருந்து வருவதும் இதே அமோனியாதான். பற்றீரியா பெருகுமுன் மீனை விட்டால், அது தன் கழிவுக்குள்ளேயே மூச்சுவிட வேண்டும். மாமிக்கு இதையெல்லாம் சொன்னேன். "அப்ப உறை மோர் மாதிரி" என்றா. அதைவிட நல்லாய் எனக்குச் சொல்லத் தெரியாது.

யூலை 17, புதன்

தண்ணீர் பால் கலந்த மாதிரி மங்கிவிட்டது, மணமும் உண்டு. சோதனைத் துளி விட்டுப் பார்த்தேன்: அமோனியா 4, அதாவது பத்து இலட்சத்தில் நாலு பங்கு. இறாலை எடுத்துவிட்டேன். இனித் தினமும் ஒரு சிட்டிகை மீன் தீன், பற்றீரியா பட்டினி கிடக்காமல்.

யூலை 21, ஞாயிறு

கேத்திலின் அடியில் வெள்ளைப் படை தடித்துக் கிடக்கிறது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் சவர், சுண்ணாம்பு கூடின கல்லுத் தண்ணீர். எந்த மீன் வாங்குவது என்பதை இந்தக் கேத்திலே சொல்லிவிட்டது. மகனுக்கு நியோன் ரெட்ராவில்தான் ஆசை. அது அமேசன் பக்கத்து மென்மையான தண்ணீரில் பிறந்தது, இங்கே கொண்டுவந்து வருத்தக்கூடாது. கப்பி மீனுக்குக் கல்லுத் தண்ணீர் பிடிக்கும்.

மன்னாரில் சித்தி வீட்டுக் கிணற்றில் கப்பி மீன் வாழ்வதைக் கண்ணாலே பார்த்திருக்கிறேன். 2016 செப்ரெம்பரில் இலங்கையில் மலேரியா இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது. அந்த வருட முடிவிலேயே மன்னாரில் புதுவகை மலேரியா நுளம்பு ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அது கிணற்றிலும் முட்டையிடும். குடம்பியைத் தின்ன என்று சுகாதாரப் பகுதியினர் கிணறுகளுக்குள் கப்பி விட்டார்கள். வாளியோடு மேலே வந்த குஞ்சைச் சித்தி பக்குவமாய்த் திருப்பி விடுவா.

யூலை 26, வெள்ளி

அமோனியா 1க்கு இறங்கிவிட்டது. நைத்திரைற்று கடும் ஊதா. இது இரத்தம் ஒட்சிசனைக் காவ விடாது. போன வருடம் எல்லா மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினது நினைவுக்கு வந்தது. மகனிடம் சொல்லவில்லை.

இரவு இரண்டு மணித்தியாலம் கரண்ட் இல்லை. பஞ்சு பில்டரில் காற்று ஓடாவிட்டால் அதில் குடியிருக்கும் பற்றீரியாவும் மூச்சுத் திணறும். மீன் வருமுன் பற்றரியில் ஓடும் எயார் பம் ஒன்று வாங்க வேண்டும்.

ஓகஸ்ட் 7, புதன்

அமோனியா 0. நைத்திரைற்று 0. நேற்றும் இப்படித்தான். மகன் சோதனைக் குழாயை யன்னலுக்கு நேரே பிடித்து மூன்று தரம் பார்த்தான்.

ஓகஸ்ட் 10, சனி

வெள்ளி இரவு பாதித் தண்ணீர் மாற்றினேன். கிணற்றில் அள்ளினதை ஒரு நாள் வாளியில் ஆறவைத்துத்தான் விட்டேன், அள்ளின உடனே ஒட்சிசன் குறைவு.

காலை பஸ்ஸில் வவுனியா. ஆண் இரண்டு, பெண் நாலு, ஆறே ஆறு கப்பி. பத்துத் தாறன் என்று கடைக்காரத் தம்பி நின்றார், மறுத்துவிட்டேன். உள்ள பற்றீரியா ஆறுக்கே காணுமோ என்று எனக்குப் பயம். தீன் போடச் சொல்லி, தின்னுகிறதைப் பார்த்து, செட்டையில் வெள்ளைப் புள்ளி உண்டோ என்று பார்த்து வாங்கினேன். பையை ஈரத் துவாயில் சுற்றி றெஜிபோம் பெட்டிக்குள் வைத்து, மடியிலேயே வைத்திருந்தேன். ஏ9 வீதியில் இந்தச் சோளகக் காற்றிலும் பஸ்ஸுக்குள் அடுப்பு வெக்கை.

பையைக் கட்டவிழ்க்காமல் கால் மணித்தியாலம் தொட்டியில் மிதக்கவிட்டேன். பிறகு அவிழ்த்து, நாலு நிமிடத்துக்கு ஒருதரம் அரைக் கோப்பைத் தொட்டித் தண்ணீர். இதை மணிக்கணக்காய் இழுக்கக்கூடாது. மூடின பைக்குள் மீன் விட்ட கரியமிலவாயு தண்ணீரைப் புளிக்கப்பண்ணி அமோனியாவின் நஞ்சை அடக்கி வைத்திருக்கும். அவிழ்த்ததும் வாயு வெளியேறும், நஞ்சு தலைதூக்கும். தூரத்தில் இருந்து வந்த பைக்கு இருபது நிமிடம் போதும். வலையால் கோலி மீனை மட்டும் விட்டேன், கடைத் தண்ணீரை வாழைக்கு ஊற்றினேன்.

லைற் போடவில்லை. தீனும் இல்லை. அந்த இருட்டிலும் மகன் தொட்டிக்கு முன்னால் பாயைப் போட்டுப் படுத்துவிட்டான்.

ஓகஸ்ட் 11, ஞாயிறு

ஆறும் உண்டு. ஒரு பெண் மீன் மட்டும் பில்டருக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கிறது. செட்டை விரிந்துதான் இருக்கிறது, செவுள் அவசரமாய் அடிக்கவில்லை. பின்னேரம் கண்ணளவு தீன் போட்டோம், அதுவும் வந்து தின்றது. மகன் என் கையைப் பிடித்துக்கொண்டே நின்றான்.

ஓகஸ்ட் 14, புதன்

அமோனியா 0. நைத்திரைற்று 0.25 காட்டுகிறது. ஆறு மீனும் சுறுசுறுப்பு, ஆனாலும் விட்டுப் பார்க்க மனமில்லை. இன்றும் நாளையும் தீன் பாதி. வாளியில் தண்ணீர் அள்ளி வைத்துவிட்டோம், பூனை வாய் வைக்காமல் மகன் மேலே சுளகைக் கவிழ்த்திருக்கிறான். விடிய மாற்ற வேண்டும்.