கண்ணை வடிவாப் பார்

கல்லூரி மலர்க் குழுத் தம்பிமார் "நீங்களும் ஏதாவது எழுதித் தாருங்கோ அண்ணை" என்று கேட்டார்கள். விளையாட்டுப் போட்டி, பரிசளிப்பு விழா எல்லாவற்றையும் மற்றவர்கள் எழுதுவார்கள். நான் எழுத நினைத்தது, சென்ற தை மாதம் ஜப்பானின் யோக்கோகாமா துறைமுகத்தில் கழித்த ஒரு மாலையைப் பற்றி. அது நம் கல்லூரியோடு எங்கே வந்து சேருகிறது என்பது போகப் போகத் தெரியும்.

மகள் அங்கே வேலை பார்க்கிறாள். ரொறன்ரோக் குளிருக்குத் தப்பி ஒரு மாதம் அவளோடு போய் இருந்தேன். அவள் வேலைக்குப் போனபின் யமஷித்தா பூங்காவுக்கு நடந்து போவேன். 1923 பூகம்பத்தில் இடிந்து விழுந்த நகரத்தின் கற்களையும் ஓடுகளையும் கடலோரம் கொட்டி நிரப்பி உருவாக்கிய நிலம் அது. 1930 இல் பூங்காவாகத் திறந்தார்கள். அதே 1930 இல் கட்டி முடித்த ஹிக்காவா மாரு என்ற கப்பல் இப்போது அந்தப் பூங்காவின் கரையிலேயே கட்டப்பட்டு நிற்கிறது. கறுப்பு உடலும் வெள்ளை மேல்தளமுமாக, நம் பழைய அட்லஸ்களின் ஓரத்தில் கீறியிருக்கும் கப்பல்களைப் போலவே இருக்கும்.

அந்தக் கப்பலின் கதை என்னை விடவில்லை. யோக்கோகாமாவிலிருந்து பசிபிக்கைக் கடந்து சியாட்டில் போய்வந்த பயணிகள் கப்பல். 1932 இல் சார்லி சாப்ளின் ஜப்பானிலிருந்து ஊர் திரும்பியது இதில்தான். போர்க்காலத்தில் மருத்துவமனைக் கப்பலாக ஓடியது. மூன்று முறை கண்ணிவெடியில் அடிபட்டும் மூழ்கவில்லை. போர் முடிந்ததும், வெளிநாடுகளில் அகப்பட்டு நின்ற ஜப்பானியரை ஏற்றிக்கொண்டு ஊர் சேர்த்தது. அதைப் படித்தபோது, தொண்ணூறுகளின் பிற்பகுதியில், போரால் யாழ்ப்பாணத்துத் தரைப்பாதை மூடிக் கிடந்த காலத்தில் திருகோணமலைக்குக் கப்பலேறிய நாள் நினைவுக்கு வந்தது. தளத்தில் சாக்கை விரித்து இருந்தோம். கரை மறையும்வரை அம்மா திரும்பிப் பார்க்கவேயில்லை. அதற்குப் பிறகு எந்தக் கப்பலைப் பார்த்தாலும், ஆட்களை வீட்டுக்குக் கொண்டுபோகிற கப்பலா, வீட்டிலிருந்து கொண்டுபோகிற கப்பலா என்றுதான் முதலில் பார்க்கத் தோன்றும்.

சரி, பறவைகளுக்கு வருகிறேன்.

ஹிக்காவா மாருவின் மூக்கிலிருந்து கரைவரை தடித்த சங்கிலிகள் சரிந்து வருகின்றன. குளிர்காலத்தில் அந்தச் சங்கிலி நிறையக் கடற்காகங்கள், சீகல் என்போமே, அவை. ஒன்றுக்கொன்று ஒரே இடைவெளி விட்டு, எல்லாம் ஒரே பக்கம் முகம் வைத்து, காற்றை எதிர்கொண்டு இருக்கும். புதிதாக ஒன்று வந்து இறங்கினால் வரிசை முழுவதும் அரை அடி நகர்ந்து இடம் கொடுக்கும். ஜப்பானியர் இவற்றை யூரிக்காமோமே என்கிறார்கள். தோக்கியோவின் நகரப் பறவையும் இதுதான். கோடையில் வடக்கே கம்சாத்காவில் குஞ்சு பொரித்து, குளிருக்கு இங்கே இறங்கி வருகின்றன. கோடையில் தலை கடும் பழுப்பாகிவிடும். தை மாதத்தில் வெள்ளைத் தலை, கண்ணுக்குப் பின்னால் மை தொட்டு வைத்தது போல ஒரு பொட்டு, சிவந்த அலகு, சிவந்த கால்.

முதல் நாள் பார்த்தவுடன் எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. இது யாழ்ப்பாணத்தில் எங்கள் தொண்டைமானாற்றுப் பறவை அல்லவா!

எழுபதுகளின் கடைசியில் உயர்தரம் படித்தவர்களுக்கு விலங்கியல் மாஸ்டர் என்று நான் சொன்னால் போதும், பெயர் சொல்லத் தேவையில்லை. மாரி விட்ட சனிக்கிழமைகளில் எங்களில் ஐந்தாறு பேரைச் சைக்கிளில் கூட்டிக்கொண்டு தொண்டைமானாற்றுக்குப் போவார். எல்லாருக்கும் சேர்த்து ஒரே ஒரு பைனாகுலர். கண் வைக்கும் இடத்து ரப்பர் உக்கிப் போனதால் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றியிருந்தார். அதன் மணம் இப்போதும் மூக்கில் நிற்கிறது. எங்கள் கடல்நீரேரியில் பூநாரை உண்டு, ஊசிவால் வாத்து உண்டு. ஆனால் அவர் எங்களை மணிக்கணக்காகப் பார்க்க வைத்தது கடற்காகங்களைத்தான். எல்லாம் ஒரே மாதிரி இருக்கும் பறவை என்பதால்தான்.

"பேரைப் பிறகு சொல்லு. முதல்ல கண்ணை வடிவாப் பார்" என்பார்.

எங்கள் பக்கம் பெருவாரியாக வருவது பழுப்புத்தலைக் கடற்காகம். திபெத், பாமீர் போன்ற மேட்டு நிலத்து ஏரிகளில் குஞ்சு பொரிப்பது. வளர்ந்த பறவைக்கு வெளிறிய கண். சிறகு நுனி நல்ல கறுப்பு, அதில் வெள்ளைப் புள்ளி. அதன் ஒன்றுவிட்ட சகோதரம் போன்றது கருந்தலைக் கடற்காகம். அதற்குக் கண் கறுப்பு, பறக்கும்போது சிறகின் முன்விளிம்பு வெள்ளைக் கீலமாக மின்னும். இந்த இரண்டாவதுதான் யூரிக்காமோமே. இதில் ஒரு சிக்கல் உண்டு: பழுப்புத்தலையின் இளம் பறவைக்கும் கண் கறுப்பாகவே இருக்கும். ஆகவே கண்ணை மட்டும் பார்த்து முடிவு சொல்ல முடியாது.

1979 தையில் ஒரு நாள், கூட்டத்தின் ஓரத்தில் நின்ற ஒன்றை நான் காட்டினேன். "சேர், இதுக்குக் கண் கறுப்பு, ஆளும் சின்னன்" என்றேன். அவர் என்னிடமிருந்து பைனாகுலரை வாங்கவும் அது எழும்பவும் சரியாக இருந்தது. அவர் கண்டது முதுகை மட்டும். எனக்குச் சிறகின் விளிம்பு வெள்ளையாகத் தெரிந்தது என்று அடித்துச் சொன்னேன். அவர் மறுக்கவும் இல்லை, ஏற்கவும் இல்லை. தன் நீலமட்டைக் கொப்பியில் தேதி, இடம், எண்ணிக்கை எழுதி, "கருந்தலை" என்று போட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இட்டார். எனக்குச் சரியான கோபம். ஒரு கிழமை அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

போரில் கரை மூடப்பட்ட பிறகு அந்தச் சனிக்கிழமைகளும் நின்றுவிட்டன. கொப்பி என்ன ஆயிற்றோ தெரியாது. மாஸ்டரும் காலமாகிவிட்டார்.

யோக்கோகாமாவில் நான் சொல்லும் அந்த மாலை, நாலரை மணிக்கு, என்னோடு சைக்கிளில் வந்த ஒருவனைக் காணொளியில் அழைத்தேன். கப்பலில் அதிகாரியாக உலகம் சுற்றி ஓய்வுபெற்று, இப்போது பருத்தித்துறையில் இருக்கிறான். அங்கே பகல் ஒரு மணி, சாப்பாட்டுக் கோப்பையோடுதான் வந்தான்.

"என்னெண்டு மச்சான், ஹிக்காவா மாருவோ? நான் யோக்கோகாமாவுக்குப் பத்துப் பதினைஞ்சு தரம் வந்திருப்பன். சங்கிலியில குருவி இருந்ததைப் பாக்கேல்லையே" என்றான். பிறகு, சோற்றைப் பிசைவதை நிறுத்தி, "கண் என்ன நிறம்?" என்று கேட்டான்.

இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

போனைப் பிடித்தபடியே ஒசன்பஷி இறங்குதுறைக்கு நடந்தேன். 2002 இல் புதிதாகக் கட்டிய முனையம். கூரை முழுவதும் பலகை பாவி, மேடும் பள்ளமுமாக அலைபோல எழும்பி இறங்குகிறது. யாரும் எந்த நேரமும் ஏறி நடக்கலாம். ஊர்க்காரர் அதைத் திமிங்கிலத்தின் முதுகு என்கிறார்கள். அங்கே இருந்தால் 860 மீற்றர் நீளமான பே பிரிட்ஜ் முழுதாகத் தெரியும். கார் ஏற்றும் கப்பலொன்று சன்னல் இல்லாத பெட்டி போல அப்பால் போனது. "அதுக்குள்ள எங்கட ஊருக்கு வாற வானும் இருக்குமடா" என்றான். இருக்கலாம், நம் வீதிகளில் ஓடும் வான்களில் பலவற்றுக்கு ஜப்பானில் ஒரு பழைய வாழ்க்கை உண்டு. துறைமுக விளக்குகள் ஏற்றியதும் அவனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "சிவப்பு எந்தப் பக்கம் எண்டு பார். எங்கட துறைமுகங்களிலை உள்ளுக்கு வரேக்க சிவப்பு இடப்பக்கம். ஜப்பானிலை வலப்பக்கம். அமெரிக்காவிலையும் அப்பிடித்தான். அரைத் தூக்கத்திலை இதை மறந்தால் கப்பல் தரை தட்டும்."

ஐந்து மணிக்கு முன்பே சூரியன் விழுந்துவிட்டது. சங்கிலியிலிருந்த கூட்டம் எழும்பி எங்கள் தலைக்கு மேலால் கடலை நோக்கிப் போனது. போனை உயர்த்திப் பிடித்தேன். மங்கிய வெளிச்சத்திலும் ஒவ்வொரு சிறகின் முன்விளிம்பிலும் அந்த வெள்ளைக் கீலம் தெரிந்தது. 1979 இல் நான் கண்டது இதையேதான் என்று உடம்பெல்லாம் சொல்லியது.

"தெரியுது, தெரியுது" என்றான் அவன். "அப்ப மாஸ்டரின்ர கேள்விக்குறியை எடுத்துவிடலாமோ?"

ஓம் என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் இத்தனை வருடத்துக்குப் பிறகு, நான் அன்று கண்டதைத்தான் நினைக்கிறேனா, இன்று கண்டதை அங்கே கொண்டுபோய் வைக்கிறேனா?

"வேண்டாமடா, கிடக்கட்டும்" என்றேன்.

அவன் சிரித்தபடி கோப்பையை எடுத்துக்கொண்டு கைகழுவப் போனான். நான் பையிலிருந்த கொப்பியை எடுத்து எழுதினேன்: யமஷித்தா பூங்கா, மாலை, கருந்தலை, சங்கிலியில் 43. பக்கத்தில் குறி ஒன்றும் போடவில்லை.