இரண்டு நிறுத்தம் முன்னால்

2021 மார்ச் 16, செவ்வாய்

இரவு 11.30. அட்லாண்டாவிலும் அதற்கு வடக்கே ஓர் ஊரிலும் மசாஜ் நிலையங்களுக்குள் புகுந்து எட்டுப் பேரை ஒருவன் சுட்டுக் கொன்றிருக்கிறான். என்னோடு இந்த வீட்டில் தங்கியிருக்கும் ஜியேவின் அறைக்கதவுக்கு அடியில் வெளிச்சம் தெரிகிறது. தட்டலாம் என்று இருமுறை எழுந்து போய்த் திரும்பி வந்தேன்.

மார்ச் 17, புதன்

இறந்தவர்களில் ஆறு பேர் ஆசியப் பெண்கள். கொன்றவன் விரக்தியின் எல்லையில் இருந்தான், நேற்று அவனுக்கு மிக மோசமான நாள் என்று காவல்துறைச் செய்தித் தொடர்பாளர் ஒருவர் தொலைக்காட்சியில் விளக்கினார். இந்தக் கரிசனத்தை இதற்கு முன்பும் கேட்டிருக்கிறேனே என்று நாள் முழுவதும் உறுத்திக்கொண்டிருந்தது. மாலையில்தான் நினைவு வந்தது. இங்கிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் டெட்ராய்ட் வட்டாரத்தில், ஜப்பானியக் கார்களால் வேலை போகிறது என்ற ஆத்திரம் ஊரெங்கும் பரவியிருந்த 1982 ஜூன் மாதத்தில், வின்சென்ட் சின் என்ற 27 வயதுச் சீன வம்சாவளி இளைஞரைக் கார்த் தொழிலைச் சேர்ந்த இருவர் பேஸ்பால் மட்டையால் தாக்கினார்கள். நான்கு நாட்களில் அவர் இறந்தார். நீதிபதி விதித்தது மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் ஆளுக்கு 3,000 டாலர் அபராதமும் மட்டுமே, ஏனெனில் அவர் பார்வையில் அவர்கள் சிறைக்கு அனுப்பத்தக்க மனிதர்கள் அல்லர். அடித்தவருடைய மனநிலையை இவ்வளவு பொறுமையாகப் புரிந்துகொள்கிறவர்கள், அடிபட்டவர் வீட்டில் அன்றிரவு யார் விழித்திருந்தார்கள் என்று ஒருமுறையாவது கேட்டிருப்பார்களா?

ஜியே இன்று சமையலறைக்கு வரவேயில்லை.

மார்ச் 18, வியாழன்

காலை 5.40க்கு வாசற்கதவு சாத்தப்படும் ஓசை கேட்டது. ஆய்வகத்துக்கு நடந்தேதான் போகிறார், இருட்டில், 45 நிமிடம்.

மார்ச் 19, வெள்ளி

துறைத்தலைவரின் மின்னஞ்சல் இன்று வந்தது. மூன்று பத்திகளில் ‘ஆசிய’ என்ற சொல் ஒரேயொரு இடத்தில் இருந்தது. இறுதியில் மனநல ஆலோசனை மையத்தின் தொலைபேசி எண். அவர் நல்ல மனிதர், அக்கறையோடுதான் எழுதியிருக்கிறார் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் படிக்க முடியாத நிலையில் இருப்பவர்கள் தத்தம் பேராசிரியருக்குத் தனித்தனியே எழுதிக் கால நீட்டிப்புக் கேட்டுப் பெறலாம் என்ற வரியை என்னால் கடக்க முடியவில்லை. துக்க வீட்டுக்குச் சோறு எடுத்துப் போகிறவர்கள், பசிக்கிறதா என்று விசாரித்துவிட்டா எடுத்துப் போகிறார்கள்? நான் பாடம் நடத்தும் பிரிவில் இருக்கும் 31 பேருக்கும், எவரும் கேட்காமலே, வீட்டுப்பாடக் கெடுவை ஒரு வாரம் தள்ளிவைத்தேன். பேராசிரியரிடம் அதன் பிறகுதான் சொன்னேன்.

31 பேருக்கு எழுத முடிந்தது. அடுத்த அறையில் இருக்கும் ஒருவரிடம் பேச முடியவில்லை.

மார்ச் 20, சனி

நூலகத்தின் முன்னே மெழுகுவத்தி ஏற்றினோம். எட்டுப் பெயர்களையும் படித்த மாணவர் கொரியப் பெயர்களில் தடுமாறினார். கூட்டத்தின் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் ஒவ்வொரு பெயரையும் சரியாக, சற்று உரக்க, மறுபடி சொன்னார். அது குறுக்கீடு என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. நான்காவது பெயருக்குப் பிறகு படித்தவரே நிறுத்தி, அந்தப் பெண் முதலில் சொல்லக் காத்திருந்தார். இங்கே என் பெயரை ஈரெழுத்தாக வெட்டிக்கொள்ள முதல் வாரத்திலேயே சம்மதித்தவள் நான்.

ஜியே வரவில்லை. அழைத்திருந்தால் வந்திருப்பாரோ என்னவோ.

மார்ச் 24, புதன்

நம் ஊர் மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், இது சீனர்களுக்கும் கொரியர்களுக்கும் நேர்ந்தது, நாம் ஏன் உள்ளே போக வேண்டும் என்று கேட்டிருந்தார். 2017இல் கன்சாஸின் ஒலேத்தா நகரில் இந்தியப் பொறியாளர் சீனிவாஸ் குச்சிபோட்லா சுடப்பட்டபோது, சுட்டவன் அவரை ஈரானியர் என்று நினைத்திருந்தான். வின்சென்ட் சின்னை அடித்தவர்கள் பழித்ததோ ஜப்பானியக் கார்களை. வெறுக்கிறவர்கள் நம் கடவுச்சீட்டை வாங்கிப் பார்ப்பதில்லை என்று பதில் எழுதினேன். எழுதி முடித்ததும் வெட்கமாக இருந்தது, ஏனென்றால் நமக்கும் நேரும் என்பதால் மட்டும்தான் அக்கறைப்பட வேண்டும் என்று ஆகிவிட்டதே. நேராது என்றே வைத்துக்கொள்வோம், அப்போது என்ன செய்வதாக உத்தேசம்?

மார்ச் 26, வெள்ளி

ஆசிய வம்சாவளியினர் மீதான வெறுப்புச் செயல்கள் குறித்துப் புகார்களைத் திரட்டும் ஸ்டாப் ஏ.ஏ.பி.ஐ. ஹேட் அமைப்பின் அறிக்கையை இன்றுதான் முழுவதும் படித்தேன். அட்லாண்டாவில் அது நடந்த அதே நாளில் வெளியானது. 2020 மார்ச் 19 தொடங்கி 2021 பிப்ரவரி முடிய அவர்களிடம் வந்த புகார்கள் 3,795. அவற்றில் 68 விழுக்காடு வாய்வசவு.

எங்கள் பேருந்து 2020 மார்ச் 9. அந்தக் கணக்கு தொடங்குவதற்குப் பத்து நாள் முந்தையது. தொடங்கியிருந்தாலும் யார் போய்ச் சொல்லியிருப்பார்கள்? ஜியே சொல்லியிருக்க மாட்டார். நான் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 30, செவ்வாய்

நியூயார்க்கில், டைம்ஸ் சதுக்கத்துக்கு அருகில், 65 வயதுப் பிலிப்பைன்ஸ் அம்மையாரை ஒருவன் உதைத்துத் தள்ளித் தலையில் மிதிக்கும் காட்சியை எல்லோரும் பகிர்கிறார்கள். கட்டடத்துக்கு உள்ளிருந்து ஒருவர் வருகிறார்; கதவைச் சாத்துகிறார். உதைத்தவனை ஒருமுறைதான் பார்த்தேன். கதவைச் சாத்துகிறவரை ஐந்தாறு முறை பார்த்துவிட்டேன்.

ஏப்ரல் 1, வியாழன்

பொது இடத்தில் ஒருவர் வசைக்கு ஆளாகும்போது அருகில் இருப்பவர் என்ன செய்யலாம் என்பது பற்றி ஹாலாபேக் அமைப்பு இணையவழியில் நடத்தும் ஒரு மணி நேரப் பயிற்சியில் சேர்ந்தேன். வசைபாடுகிறவனிடம் மோதுவதுதான் துணிச்சல், அது நமக்கு வராது என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிவந்த சமாதானம் அங்கே பயன்படவில்லை. ஐந்து வழிகள் சொன்னார்கள். நேரடியாகத் தடுப்பது அவற்றில் ஒன்று மட்டுமே. வழி கேட்பதுபோலவோ மணி கேட்பதுபோலவோ இடையில் புகுந்து பேச்சைத் திருப்பலாம். ஓட்டுநரையோ வேறொருவரையோ துணைக்கு அழைக்கலாம். நடப்பதைப் படம்பிடிக்கலாம், ஆனால் அதை என்ன செய்வது என்பது பாதிக்கப்பட்டவரின் முடிவு. அவரைக் கேட்காமல் எங்கும் வெளியிடக் கூடாது. ஐந்தாவதற்குத் தாமதம் என்று பெயர். எல்லாம் முடிந்த பிறகாவது அவரிடம் போய், நான் பார்த்தேன், உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்பது.

எவ்வளவு நேரம் வரை அது தாமதம் என்று கேட்கக் கையுயர்த்தினேன். நேரம் முடிந்துவிட்டது.

ஏப்ரல் 3, சனி

சென்னை விடுதியில் மணிப்பூரிலிருந்து வந்த ஒரு பெண் எங்கள் தளத்தில் இருந்தாள். அவளை நாங்கள் என்ன பெயரிட்டு அழைத்தோம் என்பதை இங்கே எழுத முடியவில்லை. அவளும் சிரித்தாள் என்பதை மூன்றாண்டுகள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

ஏப்ரல் 4, ஞாயிறு

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஏப்ரல் 7, புதன்

ஜியே பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்து நானும் உரித்தேன். போன ஆண்டு மார்ச்சில், பேருந்தில், அந்த மனிதன் உங்களிடம் சொன்னதை நான் கேட்டேன். கேளாததுபோல இருந்தேன் என்றேன். பூண்டிலிருந்து கண்ணை எடுக்காமல், தெரியும் என்றார். அன்று முகக்கவசம் போட்டிருந்தது தான் ஒருத்திதான் என்பதையும், அவன் உரக்கப் பேசியபோது ஓட்டுநர் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிட்டுச் சாலையைப் பார்த்ததையும், இரண்டு நிறுத்தம் முன்னாலேயே நாங்கள் இறங்கியதையும் வரிசையாகச் சொன்னார். அந்த இரண்டு நிறுத்த தூரம் முழுவதும் நான் நாளைய தேர்வைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தேனாம். அதுதான் கஷ்டமாக இருந்தது என்றார். எனக்கு அது நினைவிலேயே இல்லை.

மன்னிப்புக் கேட்டேன். தலையசைத்தார், சரி என்றோ பரவாயில்லை என்றோ சொல்லவில்லை, அப்படிச் சொல்லாதது எனக்குச் சரியாகவே பட்டது. உங்களுக்கு இப்போது என்ன வேண்டும் என்று கேட்டேன். வெகுநேரம் கழித்து, நாளை மழை என்று போட்டிருக்கிறது, நீ எத்தனை மணிக்குக் கிளம்புகிறாய் என்றார்.

ஏப்ரல் 8, வியாழன்

7.40 பேருந்து. ஜன்னலோரம் அவர், நடைபாதையோரம் நான்.

ஏப்ரல் 12, திங்கள்

7.40.

ஏப்ரல் 17, சனி

இண்டியானாபொலிஸில், ஃபெட்எக்ஸ் கிடங்கில், வியாழன் இரவு எட்டுப் பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நால்வர் சீக்கியர்கள். மூன்றாம் மாடி ஆய்வகத்தில் தலைப்பாகை கட்டிய மாணவர் ஒருவர் இருக்கிறார். மின்தூக்கியில் வணக்கம் சொல்லிக்கொள்வதோடு சரி, பெயர்கூடத் தெரியாது. துறை அலுவலகத்தில் திங்களன்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று நினைத்தேன். ஜியே, சனிக்கிழமையும் அங்கே விளக்கு எரியும் என்கிறார். இரண்டு பேருக்கான சோறு டப்பாவில் இருக்கிறது. காலணி மாட்டிக்கொண்டு