நடுவில் ஒரு சிவப்புச் சதுரம்

ஜனவரி 9

துண்டுத் துணிகளை இணைத்துத் தைக்கும் போர்வையான குயில்ட்டுக்குக் கட்டங்கள் எத்தனையோ இருக்க, லாக் கேபினையே எடுத்துக்கொண்டேன். 1860களில் அமெரிக்காவில் பரவலாகத் தைக்கப்பட்ட இக்கட்டத்தில், நடுவிலுள்ள சிறு சதுரத்தைச் சுற்றித் துணிக் கீற்றுகள் மரக்கட்டை வீட்டுச் சுவர்போல் அடுக்கப்படும். அந்தச் சதுரம் வழக்கமாகச் சிவப்பு, அதை வீட்டின் கணப்படுப்பு என்பார்கள். மூலைவிட்டத்தின் ஒருபுறம் வெளிர் நிறங்கள், மறுபுறம் அடர் நிறங்கள். பூப்போட்ட துணிகளை விட்டுவிட்டு வெள்ளையும் கருநீலமும் மட்டும் வைத்தால் புதுத் தோற்றம் தானே வந்துவிடும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன்.

ஜனவரி 11

நடுச் சதுரம் 2½ அங்குலம், கீற்றின் அகலம் 1½ அங்குலம், மூன்று சுற்றுக்குப் பன்னிரண்டு கீற்றுகள். தையலுக்குக் கால் அங்குலம் விட்டால் கட்டம் 8½ அங்குலம் வரவேண்டும். எனக்கு வந்தது 7¾. தையல் ஒவ்வொன்றும் அரை நூல் (எட்டு நூல் ஓர் அங்குலம்) உள்ளே இறங்கியிருந்தது. அது இரண்டு துணியிலும் பிடிப்பதால் ஒரு தையலுக்கு ஒரு நூல், குறுக்கே ஆறு தையலுக்கு ஆறு நூல், அதாவது முக்கால் அங்குலம் போயிற்று.

ஜனவரி 12

பிரித்தேன். நாள் முழுவதும் அதுதான் வேலை.

ஜனவரி 15

இப்போது அளவு சரி, ஆனால் பார்க்கப் பழையதாகவே இருக்கிறது. நிறத்தை மாற்றினால் போதும் என்று நினைத்தது என் தவறு. அலபாமாவின் ஜீஸ் பெண்ட் கிராமத்துக் கறுப்பினப் பெண்கள், 2002இல் ஹூஸ்டன் அருங்காட்சியகம் காட்சிக்கு வைப்பதற்குப் பல்லாண்டுகள் முன்பிருந்தே, உழைத்துத் தேய்ந்த உடைகளைக் கிழித்து, லாக் கேபினின் உறவான ‘ஹவுஸ்டாப்’ கட்டத்தைத் தைத்துவந்தார்கள். அவற்றின் படங்களை மறுபடி பார்த்தேன். ஒரு கீற்றைப் போல மற்றொன்று இல்லை. உயிர் அங்கேதான் இருக்கிறது.

ஜனவரி 18

வெள்ளைக் கீற்றை 1½ அங்குலத்திலேயே விட்டு, நீலத்தை 1 அங்குலமாக வெட்டினேன். சிவப்புச் சதுரம் நீலப் பக்கமாக ஒதுங்கிவிட்டது. நான்கு கட்டங்களை மேசைமீது சேர்த்து வைத்தால், தையல் எல்லாம் நேர்கோடாக இருந்தும், நீலம் வில்லாக வளைவதுபோல் தெரிகிறது!

குறை ஒன்று உண்டு. தையல் விளிம்புகளை வெளிப்பக்கமாக மடித்து இஸ்திரி போட்டதில், சிவப்பின் ஓரம் முதல் வெள்ளைக் கீற்றின் அடியில் இளஞ்சிவப்பு நிழலாகத் தெரிகிறது. அடுத்த கட்டங்களுக்குச் சற்றுத் தடித்த வெள்ளைத் துணியை வெட்டி வைத்திருக்கிறேன்.