நாலு மாதம் கம்பி வளரவில்லை, காரணம் ஒரு ஓ-ரிங்

நான் வளர்த்த ஜிங்க் ஆக்சைடு நானோ கம்பிகளை நேற்றுதான் எஸ்இஎம் (எலக்ட்ரான் நுண்ணோக்கி) திரையில் பார்த்தேன். நாலு மாதக் காத்திருப்பு. சிவிடி ஃபர்னஸில் (ஆவியைப் படியவைத்துப் பொருள் வளர்க்கும் குழாய் உலை) புதிதாக இறங்குகிறவர்களுக்கும் இதே நாலு மாதம் போய்விடக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

முறை வழக்கமானதுதான்: ஜிங்க் ஆக்சைடும் கிராஃபைட்டும் எடைக்கு எடை, 950 டிகிரி, ஆர்கானோடு துளி ஆக்சிஜன், 3 நானோமீட்டர் தங்கம் பூசிய சிலிக்கான். சூட்டில் தங்கம் துளிகளாகத் திரளும், அந்தத் துளிகளில்தான் கம்பி வளர வேண்டும். ஆனால் சிலிக்கான் ஒவ்வொரு முறையும் வெறுமையாகவே வந்தது. பொடி வைக்கும் கிண்ணமான போட்டைச் சுற்றி மட்டும் பஞ்சு மாதிரி வெள்ளைப் படிவு. விகிதத்தை மாற்றினேன், நேரத்தைக் கூட்டினேன், தங்கப் பூச்சைச் சந்தேகப்பட்டேன். 17 ரன் வீண்.

அந்த வெள்ளைப் பஞ்சை முதலிலேயே உற்றுப் பார்த்திருக்க வேண்டும். கிளம்பும் ஜிங்க் ஆவி தங்கத்துளியை எட்டுவதற்குள் ஆக்சிஜன் அதைப் பிடித்துக்கொள்கிறது. நான் விட்டதோ 1 எஸ்சிசிஎம், அதாவது நிமிடத்துக்கு ஒரு கன சென்டிமீட்டர் ஆக்சிஜன். மிச்சம் எங்கிருந்து? குழாயில் வெற்றிடம் ஆக்கி, வால்வுகளை மூடி, அழுத்தம் காட்டும் கேஜை மட்டும் பார்த்தேன். பத்தே நிமிடத்தில் 2 மில்லிபார் 60 ஆனது. குழாயின் கொள்ளளவை வைத்துக் கணக்குப் போட்டால், நான் விட்டதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஆக்சிஜன் கசிவிலேயே வந்திருக்கிறது. கழற்றினால், குழாய் முனையை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் சூட்டில் இறுகி வெடித்திருந்தது. முனைக்குச் சூடு போகாமல் குழாய்க்குள் வைக்கும் தடுப்புக் கட்டையை யாரோ எப்போதோ எடுத்துவிட்டார்கள். தயவுசெய்து ரன்னுக்கு முன் இந்தப் பத்து நிமிடச் சோதனையைச் செய்யுங்கள்.

இன்னொன்று: திரையில் காட்டும் 950 ஃபர்னஸ் நடுவில்தான். சாம்பிள் இருக்கும் இடத்தில் தனித் தெர்மோகப்பிள் (வெப்பநிலை அளக்கும் கம்பி) வைத்து அளந்தபோது 840தான் இருந்தது.

கம்பி வளர்ந்த பிறகும் ஒரு நாள் போனது. எஸ்இஎம்முக்காக நாலு மணி நேரம் பஸ்ஸில் போனேன். படிவத்தில் கைடு கையெழுத்து இருக்கிறது, துறைத் தலைவர் முத்திரை இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அடுத்த ஸ்லாட் மூன்று வாரம் கழித்து. என்னென்ன தாள் வேண்டும் என்று முன்னதாகவே போன் செய்து கேட்டுவிடுங்கள்.

படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்ஆர்டி சோதனையில் சிக்கலில்லை, 34.4 டிகிரியில் ஜிங்க் ஆக்சைடின் 002 தள உச்சி கூர்மையாக வந்தது. ஒளியூட்டினால் கம்பி உமிழும் ஒளியை அளக்கும் பிஎல்லில் 380 நானோமீட்டர் உச்சி நன்றாக இருக்கிறது. ஆனால் 520 பக்கம், படிகக் குறைபாடுகளைக் காட்டும் பச்சை மேடு இன்னும் பெரிதாகவே நிற்கிறது. திங்கட்கிழமை ஒரு துண்டை ஆக்சிஜனில் அனீல் செய்து (மறுபடி சூடாக்கி) பார்க்கப் போகிறேன்.